பிரேக் மாஸ்டரின் மகள்

சம்பந்தம் பேசி முடிப்பதுகூடச் சுலபம். சம்பந்தியம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு என்பதை அந்த வீடு ஒரு மாதமாக அனுபவித்துத் தெரிந்துகொண்டிருந்தது.

போன ஞாயிறு தேவாலய வாசலில் பெரிய டீச்சர் விட்ட அறிவிப்பு ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. மாப்பிள்ளையான பல் டாக்டரின் அம்மா அவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுடைய நிச்சயதார்த்தத்துக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு வரப்போவதாகவும், வரும் வழியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வரப்போவதாகவும் சபை மொத்தத்தின் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூட மணியே அவர் கண்ணைப் பார்த்துத்தான் அடிக்கும் என்பார்கள்.

நிச்சயதார்த்தம் வரும் ஞாயிறு. லைசென்ஸ் பரீட்சை நாளைக் காலை. அதற்கு முந்தைய கடைசி ஓட்டத்துக்கு இன்று வந்திருந்தார்.

பெண்ணின் அம்மா பின்னல் நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அது வழக்கம்.

அவள் வீட்டுக்காரரை ஊரே பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய டிரைவிங் ஸ்கூலில் முதல் வாரம் முழுக்கப் பிரேக் மட்டும்தான் பாடம். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் ஓட்டம். அந்தப் பாடத்தைவிட வினோதமான வழக்கம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். யாரையும் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன்னால், தன் வீட்டு ஆள் ஒருவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கற்றுக்கொள்கிறவரை ஓட்டச் சொல்வார்.

“என் பெண்டாட்டி பிள்ளைய ஏத்திவிட நான் பயப்படுற கையில, அடுத்தவன் பெண்டாட்டி பிள்ளைய எந்த மூஞ்சியோட ஒப்படைப்பேன்?” என்று கேட்பார். ஓட்டம் முடிந்ததும் பின் சீட்டில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பார். அங்கிருந்து “இல்லை” வந்தால் இல்லைதான். வந்தவர் யாராக இருந்தாலும் சரி.

அப்படி அம்மா பயணம் செய்த கற்றுக்குட்டிகளுக்குக் கணக்கே கிடையாது. கை நூலைப் பின்னிக்கொண்டே இருந்தால் ஓட்டுகிறவர் தேறிவிட்டார் என்று அர்த்தம். ஊசி நின்றால் தேறவில்லை. தேவாலயத்தில் இருக்கும் மேஜை விரிப்பெல்லாம் அந்தப் பின் சீட்டில் பிறந்தவைதான். நடுவில் ஒரு பின்னல் கோணலாக இருந்தால், அன்றைக்கு யாரோ வண்டியைக் குழியில் இறக்கியிருக்கிறார் என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

மாஸ்டர் காலமாகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு பழைய கார்கள், தெருவைப் பார்த்த ஒரு அறை, அதில் ஒரு மேஜை. விட்டுப் போனது அவ்வளவுதான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலை இப்போது மகள்தான் நடத்தினாள்.

“கண்ணாடிய ஒரு தடவ பாத்துக்கங்க மேடம்” என்றாள் மகள்.

வீட்டில் அவள் அவரை அத்தை என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். காருக்குள் ஏறிவிட்டால் மேடம். அதுவும் அப்பா வைத்த சட்டம். சொந்தச் சித்தப்பாவையே சார் போட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

பெரிய டீச்சர் கம்பீரமாகத்தான் ஓட்டினார். நிமிர்ந்த முதுகு; அலட்டாத கை; கியர் மாற்றுவதிலும் குறை சொல்ல முடியாது. அம்மாவின் ஊசி தாராளமாக ஓடியது. ஆண்டவரே, எப்படியாவது கரை சேர்த்துவிடும் என்று மனம் ஒரு பக்கம் ஜெபித்துக்கொண்டே வந்தது. முப்பதைத் தாண்டிய மகளுக்கு அமைந்திருக்கும் வரன். அதுவும் இவளே ஆசைப்பட்ட வரன்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. தலைமையாசிரியையாக இருந்த காலம் முழுவதும் பெரிய டீச்சர் தாழ்வாரத்தில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. தெருவிலும் அதே பழக்கம்தான். குறுக்குத் தெரு வந்தால் அவர் கழுத்து திரும்பாது. வருகிறவன் நிற்பான் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் முனையில் ஒரு சைக்கிள்காரர் இடது பக்கத்திலிருந்து வந்தார். முன் கூடையில் ஒரு குழந்தை. கையில் பாதி தின்ற பிஸ்கட்.

பெரிய டீச்சர் பார்க்கவில்லை. கார் நின்றது.

மெத்தென்று நின்றது. யாருக்கும் தலைகூட ஆடவில்லை. சைக்கிள் கடந்து போனது. குழந்தை இவர்களைப் பார்த்துக் கையாட்டியது. பெரிய டீச்சரும் பதிலுக்குச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அம்மாவின் ஊசி நின்றுவிட்டது. பின்னாலிருந்து அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மகளின் முழங்கால் அசைந்தது. சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. பேச்சுக்கொடுத்தபடியே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மகள் அதை மிதித்திருந்தாள்.

திரும்பி வருவதற்குள் அந்த முழங்கால் இன்னும் இரண்டு இடத்தில் அசைந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, பெரிய டீச்சர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பரிசளிப்பு விழாவில் முதல் பரிசுக்குப் பேர் வாசிக்கப்படுவதற்கு முன்னால் இருக்குமே, அப்படி ஒரு முகம்.

மகள் வழக்கப்படி பின்னால் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கம்மா.”

அம்மா மடியிலிருந்த நூலைப் பார்த்தாள். சம்பந்தியம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் ஓட்டினாங்க” என்றாள்.

அந்தப் பின் சீட்டிலிருந்து அப்படி ஒரு பொய் அதற்கு முன் வந்ததில்லை. சொன்ன வாய்க்கே அது கசந்தது. ஆனாலும், முடிந்தது விஷயம் என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது.

மகள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, சீட் பெல்ட்டைக் கழற்றாமலே சொன்னாள்.

“மேடம், மார்க்கெட் முனையில வண்டிய நிறுத்தினது நீங்க இல்ல. நான்.”

“நான்தான் நிறுத்தினேன்” என்றார் பெரிய டீச்சர். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். “என் காலுக்கும் உன் காலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கேன்?”

“தெரியாதபடி மிதிக்கத்தான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார் மேடம். கத்துக்கிறவங்க மிரண்டுடக் கூடாதுன்னு. சைக்கிள் வந்ததை நீங்க பாக்கவே இல்ல. நாளைக்கு வேண்டாம். இன்னும் ஒரு மாசம் ஆகட்டும்.”

“ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டிட்டு வரேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

“தெரியும் மேடம். பிள்ளைங்களை ஏத்திட்டு வரேன்னும் சொன்னீங்க.”

பெரிய டீச்சர் காரை விட்டு இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்; அறைந்து சாத்தியிருந்தால்கூட அம்மாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அடுத்த தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருப்பது தனக்குத் தெரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மகனிடம் பேசிவிட்டுச் சொல்வதாகவும் சொன்னார். பிறகு நேரே நடந்து போனார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். வரப்போகிற மாமியாரிடம் இப்படியா பேசுவது என்றாள். நாளைக்கு லைசென்ஸ் அதிகாரி பார்த்துத் தேறவில்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, அந்தப் பழி நமக்கெதற்கு என்றாள். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டிருந்தால் குடியா முழுகிவிடும் என்றும் கேட்டாள்.

“நம்ம ஸ்கூல்லேர்ந்து வந்த ஆளுன்னா அதிகாரி தெருவுல ஒரு சுத்து விட்டுட்டுப் பாஸ் போட்டுடுவார்மா. அப்பாவோட ஸ்கூல் அனுப்பினா சரியா இருக்கும்னு அவருக்கு அத்தனை நம்பிக்கை. அதுல போய் இவங்களை ஏத்திவிடச் சொல்றியா?”

மகள் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். டம்ளர் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அம்மா கவனித்தாள். காருக்குள் நொடியில் பிரேக்கை மிதித்தவளுக்கு இப்போது குழாயை மூடத் தோன்றவில்லை.

“எனக்கு அவர் வேணும்மா” என்றாள் மகள், குழாயைப் பார்த்தபடியே. “ரொம்ப வேணும். உனக்கும் தெரியும். அதுக்காக நீ பொய் சொல்லலாமா? நீ சொன்னதும், ஒரு நிமிஷம் எனக்கும் வாய மூடிக்கலாம்னு தோணிச்சு. அதான் எனக்குப் பயமாயிடுச்சு.”

மதியச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டு மகன், அவளுடைய தம்பி, வந்தான். மோட்டார் இன்சூரன்ஸ் விற்கிறவன். பேச்சில் எமனையே பாலிசி எடுக்க வைத்துவிடுவான். நடந்ததைக் கேட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டான். அப்பா இப்படித்தான் போதகரின் தம்பியையே மூன்று முறை திருப்பி அனுப்பினார், கண்டது என்ன என்றான். ஊரில் பாதிப்பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள் என்றான். அக்காவுக்கு அப்பாவின் வீம்பு அப்படியே வந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் போய் மன்னிப்புக் கேட்டுச் சரிக்கட்ட வேண்டும் என்றான்.

“சரிடா” என்றாள் அம்மா. “அந்தம்மா ஓட்டுற வண்டிக்கு நீ இன்சூரன்ஸ் போடுவியா?”

மகன் யோசித்தான். தொழில் பழக்கம், அவனால் அதை யோசிக்காமல் இருக்க முடியாது.

“போடுவேன். பிரீமியம் ரெண்டு மடங்கு கேப்பேன்.”

“அப்போ வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

மகள் இத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிடவே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அடுத்து ஒரு கற்றுக்குட்டி வரும் நேரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வணக்கம் சார், கண்ணாடிய ஒரு தடவ பாத்துக்கங்க” என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. நினைவில் வந்ததெல்லாம் வீட்டுக்காரரின் அடக்க ஆராதனை நாள்தான்.

அன்றைக்குத் தேவாலயம் கொள்ளவில்லை. அவரிடம் படித்துத் தேறியவர்கள் வந்திருந்தார்கள். அதைவிட அதிகமாக, அவர் திருப்பி அனுப்பியவர்கள் வந்திருந்தார்கள். போதகர் பேசும்போது, தன் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்ன ஒரே மனிதர் இவர்தான், தன் தம்பி இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான் என்றார். தன் காரில் ஒரு வேத வசனம்கூட ஒட்டாதவர் மாஸ்டர். கேட்டால், “ஓட்டுறதப் பாத்துத் தெரியணும், ஒட்டுனதப் பாத்து இல்ல” என்பார். ஆண்டவர் கூடவே பயணம் செய்கிறார் என்று மற்றவர்கள் பாட்டில் பாடுவார்கள். இவர் அதை நம்பி வண்டி ஓட்டினார்.

அந்தப் பெருமையெல்லாம் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று அம்மா ஒரு வருடமாக அழுதிருக்கிறாள். இன்று காலை அது தன் கண் முன்னால், சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறது. அடையாளம் தெரியாமல் அதைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்.

முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டாள். மகனிடம் சரிக்கட்டப் போவதாகத்தான் சொன்னாள். என்ன பேசப்போகிறாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. மகளின் கண்ணீரும் உண்மை. சைக்கிள் கூடையில் இருந்த குழந்தையும் உண்மை. இரண்டையும் சுமந்துகொண்டு பெரிய டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

பெரிய டீச்சர்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். அலமாரி நிறையப் பழைய மாணவர்கள் கொடுத்த கேடயங்கள். உள்ளறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் கிளினிக்குக்குப் போகவில்லை போலிருக்கிறது.

அடுத்த தெரு ஸ்கூல்காரருக்குப் போன் செய்ததாகப் பெரிய டீச்சரே ஆரம்பித்தார். அந்த ஆள் வண்டி ஓட்டத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லையாம். நாளைக்கு நேரே வந்துவிடுங்கள் அம்மா, பாத்துக்கலாம் என்றாராம்.

“பாத்துக்கலாம்” என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தார் பெரிய டீச்சர். “பரீட்சைக்கு முதல் நாள் அந்த வார்த்தையைச் சொன்ன பசங்களை நான் வகுப்புக்கு வெளியில நிக்க வெச்சிருக்கேன். இப்போ அதே வார்த்தை எனக்கே ஒத்தாசையா வருது.”

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தியம்மா, உங்களை ஒண்ணு கேக்கணும். நீங்க எத்தனையோ பேர் ஓட்டின வண்டியில உக்காந்தவங்க. நான் நல்லா ஓட்டினேன்னு நீங்க சொன்னீங்க. உங்க பொண்ணு இல்லைங்கறா. ரெண்டுல எது நிஜம்?”

கேட்டுவிட்டார். தப்பிக்கவும் வழி வைத்தே கேட்டுவிட்டார். காலையில் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னால் போதும். பெரிய டீச்சரின் மானம் நிமிர்ந்துகொள்ளும். அடுத்த தெருக்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். மகளின் வாழ்க்கை தன் நாக்கு நுனியில் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்தது.

“எனக்குப் பயமா இருந்துச்சு டீச்சரம்மா” என்றாள். சம்பந்தியம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. “அந்த சைக்கிள் வந்தப்போ என் உயிரே போயிடுச்சு. நல்லா ஓட்டினீங்கன்னு சொன்னது, என் பொண்ணுக்கு இந்த வீடு அமையணுமேங்கற ஆசையில. பொய் சொன்னது நான். அவ சொல்லல. அவளுக்கு என்னைவிட ஆசை அதிகம். இருந்தும் சொல்லல. நான் மன்னிப்புக் கேக்கத்தான் கிளம்பி வந்தேன். ஆனா அவ சார்பா கேக்க மாட்டேன். என் சார்பாத்தான்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் எங்கோ போயிருந்தது. கல்யாண வயதில் மகளை வைத்திருக்கும் விதவை மாதிரி அவள் பேசவில்லை. ராஜகுமாரியைப் பெற்றவள் மாதிரி பேசியிருந்தாள்.

பெரிய டீச்சர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்திருந்தது. தளர்ந்ததில் வயது தெரிந்தது.

“அந்தக் குழந்தை எனக்குக் கையாட்டிச்சு. நானும் சிரிச்சேன்” என்றார்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமை தான் ஓட்டிக்கொண்டு வரப்போவதில்லை என்றார். வாடகைக் காரில் வரப்போவதாகவும், கேட்கிறவர்களிடம் காரணத்தைத் தானே சொல்லிக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து முதல் பாடத்தை மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும் என்றார். பிரேக்கிலிருந்தே.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனாள். பெரிய டீச்சர் கையைக் கொடுத்தார். ஆனால் முகம் தெளியவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார். “இப்படி ஒரு பொண்ணு இந்த வீட்டுக்கு வரதுக்கு முன்னால, நாங்க மறைச்சு வெச்சிருக்கற ஒரு விஷயத்தை அவளுக்குச் சொல்லியாகணும். நிச்சயம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு என் மகனை அடக்கி வெச்சதே நான்தான். இன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.”

உள்ளறை வாசலில் பல் டாக்டர் வந்து நின்றிருந்தார். எப்போதும் சிரித்த முகம். இன்று சிரிப்பில்லை. அம்மாவைப் பார்த்து, முதலில் உங்களிடமே சொல்லிவிடுகிறேன் அத்தை என்று ஆரம்பித்தார்.

அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“என்கிட்ட வேண்டாம் தம்பி. நான் கேட்டா அழுவேன். அழுதுட்டு மன்னிச்சிடுவேன். அதுக்கப்புறம் அவகிட்டயிருந்து அதை எப்படி மறைக்கலாம்னு யோசிப்பேன். நான் அப்படிப்பட்டவ. அவளுக்கு நேரா சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நேரா கேட்டுக்குவா. அவ என் வீட்டுக்காரரோட பொண்ணு.”

அதைச் சொல்லும்போது அவள் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் எதைச் சொல்லப்போகிறார், மகள் அதற்கு என்ன பதில் சொல்வாள், அந்தப் பதிலில் கல்யாணம் நிற்குமா நடக்குமா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. சொல்லப்படுகிற பதில் உண்மையாக இருக்கும் என்பது மட்டும் தெரியும்.

பல் டாக்டர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பெரிய டீச்சர், “நானும் வரேன். நடந்தே போகலாம்” என்றார்.

மூவரும் தெருவில் இறங்கினார்கள். முதல் முனை வந்ததும் பெரிய டீச்சர் நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு லாரி கடந்து போகும் வரை காத்திருந்தார். பிரேக் மாஸ்டர் வீட்டு வாசலில் மகள் ஒரு கற்றுக்குட்டியை அனுப்பிவிட்டுத் திரும்புவது இங்கிருந்தே தெரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்து அவள் அப்படியே நின்றாள்.